திறந்தே இருந்த சுடுதண்ணீர்க் குழாய்

காலையில் கிளிஃபர்ட் சக்டனின் வீடு அவருக்கு முன்னால் விழித்துக்கொள்ளும். சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பாய்லர் முதலில் 'க்ளக்' என்று தொண்டையைச் செருமும். பிறகு உள்ளே தீ பற்றுகிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு அறையிலும் ஜன்னலுக்குக் கீழே பதித்திருக்கும், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் சூடு ஏற ஏற டிக் டிக் என்று முனகத் தொடங்கும். போர்வைக்குள் படுத்தபடியே அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார் கிளிஃபர்ட். பாய்லரைப் பற்றவைத்தது அவர் இல்லை. நாலு மணி நேரத் தொலைவில் பிரிஸ்டலில் இருக்கும் மகன் கெவின், தன் போனிலிருந்தே அதற்கு நேரம் குறித்து வைத்திருந்தான்.

கிளிஃபர்டுக்கு எண்பத்திரண்டு வயது. யார்க்ஷயரில் கீத்லி என்கிற அந்த ஊரின் ஏற்ற இறக்கமான தெருக்களில், வேலைக்காலம் முழுக்கப் பஸ் ஓட்டியவர். ஏறுகிறவர்கள் எல்லோரையும் "கண்ணு" என்று கூப்பிட்டுப் பழகிய வாய். தாடி வைத்த முரட்டு ஆளும் கண்ணுதான், தபால்காரரும் கண்ணுதான். அந்தப் பக்கத்து வழக்கமே அப்படி. இப்போது அந்த வார்த்தையைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. மனைவி மொரீன் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது.

கெவினைக் கெட்ட மகன் என்று நினைத்துவிடாதீர்கள். முன்பெல்லாம் அந்த வீட்டில், முன்னறைக் கணப்புக்குப் பின்னால் ஒரு பழைய பாய்லர் இருந்தது. அது சுடவைக்கிற தண்ணீர் மாடியில் ஓர் அலமாரிக்குள் நின்ற செப்புத் தொட்டிக்குப் போய்ச் சேரும். பரிசோதனைக்கு வந்தவர் அந்தப் பாய்லரில் விஷக்காற்று கசிகிறது, இனிமேல் பற்றவைக்கவே கூடாது என்று சொன்னபோது, கெவின்தான் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு ஓடிவந்தான். புதிய பாய்லரை மாட்டுகிறவரை கூடவே நின்றான். பழைய தொட்டியைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். புதியதற்குத் தொட்டி கிடையாது. அது எதையும் சேர்த்து வைக்காது. குழாயைத் திறந்தால் அந்த நிமிஷத்துக்குச் சுடவைத்துக் கொடுக்கும். மூடினால் மறுபடி ரேடியேட்டர்களைப் பார்க்கப் போய்விடும்.

"அப்பா, இனிமே நீங்க எதையும் தொடவே வேண்டாம்," என்றான் கெவின். போனைத் திருப்பிக் காட்டினான். அதில் வீட்டின் படம் ஒன்று, நடுவில் சின்னதாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீ. "பாய்லர் எரிஞ்சா இந்தத் தீ எரியும். சுடுதண்ணி ரொம்ப நேரம் ஓடினா எனக்கு மணி அடிக்கும். நான் அங்கேருந்தே எல்லாத்தையும் பாத்துக்குவேன்."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"உங்களுக்கு வேலையே இல்லப்பா. நிம்மதியா உக்காருங்க."

கிளிஃபர்ட் உட்கார்ந்தார். நன்றாகவே சூடாக இருந்தது வீடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கெவின் கூப்பிடுவான். "எப்படிப்பா இருக்கீங்க?" என்பான். "குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்பார் இவர். அந்த ஊரில் காலொடிந்து கிடக்கிறவனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருந்துவிடக் கூடாது என்பதில் அங்கே எல்லோருக்கும் அப்படி ஒரு வைராக்கியம். குறை இல்லை என்று சொன்ன பிறகு மேற்கொண்டு பேச என்ன இருக்கிறது? பிரிஸ்டலில் மழையா, இங்கே மழையா என்று கேட்டுக்கொள்வார்கள். பேச்சு முடிந்துவிடும்.

அக்டோபரில் ஒருநாள், கம்பளிப் போர்வையை நனைத்து வைக்கலாம் என்று குளியல் தொட்டியில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். கூடத்துப் போன் அடித்தது. அவர் திடுக்கிட்டு எழுந்தார். அன்று செவ்வாய்க்கிழமை.

"அப்பா? கெவின் பேசறேன். சுடுதண்ணி ரொம்ப நேரமா ஓடுதே. ஒண்ணும் ஆகலையே?"

"அட, போர்வைய நனைக்கலாம்னு திறந்தேன். தூங்கிட்டேன்டா."

"போர்வையா? எந்தப் போர்வை, அந்தப் பச்சைக் கட்டமா? அது இன்னும் இருக்கா?"

"ஏன் இல்லாம? நீ அதுமேல வாந்தி எடுத்த கறை மட்டும்தான் போயிருக்கு."

கெவின் சிரித்தான். கடற்கரைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலேயே வாந்தி எடுத்தது, மொரீன் தன் தொப்பியை எடுத்து நீட்டியது, அந்தத் தொப்பியை அப்புறம் என்ன செய்தார்கள் என்று இருவருக்குமே ஞாபகம் வராதது, எல்லாம் பேசினார்கள். அவனுடைய மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிற கதையைச் சொன்னான். "பிரேக்குன்னா அதுக்குப் பிடிக்கவே மாட்டேங்குதுப்பா," என்றான். "என்கிட்ட அனுப்பு. ரெண்டு அடுக்குப் பஸ்ல உக்காத்தி வைக்கறேன், தானா பிடிக்கும்," என்றார் கிளிஃபர்ட்.

போனை வைத்த பிறகுதான் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று அவருக்கு உறைத்தது.

அடுத்த வாரம் ஒருநாள் பாத்திரம் கழுவிவிட்டுக் குழாயை மூடப் போன கை கொஞ்சம் தயங்கியது. ஒரு தட்டு, ஒரு கோப்பை, ஒரு முள்கரண்டி. கழுவி முடித்தாயிற்று. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மறந்துபோய் விட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார். போன் அடித்தது.

அதற்குப் பிறகு மறதி என்று சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டார். ஒரு புதிய வண்டியைப் பழகுவதுபோலப் பாய்லரைப் பழகிக்கொண்டார். நூல் மாதிரித் திறந்தால் அது கண்டுகொள்ளாது, இரண்டு விரல் தடிமனுக்காவது தண்ணீர் விழவேண்டும். விழுந்தால் உடனே குரல் மாறி உரக்க எரியும். அப்படி எரிகிறபோது ரேடியேட்டரைத் தொட்டால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறிக்கொண்டே போகும். குளிரும்தான். கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார். போன் வந்து, பேசி முடித்து, குழாயை மூடினால் வீடு மறுபடி சூடாகிவிடும். கொஞ்ச நேரக் குளிருக்கு ஒரு குரல் கிடைக்கிறது. அவருக்கு அது நல்ல பேரமாகவே பட்டது.

போன் எடுத்து அவனை நேராகக் கூப்பிட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எண் அவருக்கு மனப்பாடம். இரண்டு மூன்று தடவை ரிசீவரைக் கையில் எடுத்தும் பார்த்தார். கெவின் வேலையில் இருப்பான், கூட்டத்தில் இருப்பான், எடுத்துப் பதறுவான். என்ன சொல்வது? வைத்துவிடுவார்.

நவம்பர் முடிவதற்குள் கெவினுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அப்பா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. குழாய மூட மறந்துடறீங்களா அடிக்கடி?"

அந்தக் குரலில் இருந்த ஜாக்கிரதை கிளிஃபர்டுக்குப் புரிந்தது. எதிர்வீட்டு நார்மனிடம் அவன் மகள் இதே குரலில்தான் பேச ஆரம்பித்தாள். அடுத்த மாதமே நார்மனை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள்.

"நான் எதையும் மறக்கல. குழாய் மூடித்தான் இருக்கு. உன் பாய்லருதான் என்னமோ பண்ணுது," என்றார்.

பாய்லர் பார்க்க டேரன் வந்தான். முப்பது வயது இருக்கும். உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி உடம்பு. கருவிப்பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கிளிஃபர்ட் கெட்டிலைப் போட்டுவிட்டார்.

"டீ எப்படிப் போடட்டும், கண்ணு?"

"ரெண்டு சக்கரை. பாலு ஊத்துனா பசுமாடு திட்டற அளவுக்கு ஊத்துங்க."

டேரன் பாய்லரின் முகப்பைக் கழற்றினான். உள்ளே ஒரு பித்தளைத் துண்டை விரலால் தட்டிக் காட்டினான்.

"இங்க பாருங்க பெரியவரே. இருக்கறது ஒரே நெருப்பு. ஆனா வேலை ரெண்டு. ரேடியேட்டருக்குள்ள சுத்திச் சுத்தி வர்ற தண்ணியும் இதே நெருப்புலதான் சுடணும், குழாய்ல வர்ற தண்ணியும் இதே நெருப்புலதான் சுடணும். நீங்க குழாயத் திறந்தா இந்த வால்வு இப்படித் திரும்பிக்கும். சூடு மொத்தமும் குழாய்க்குப் போயிடும், ரேடியேட்டர் காத்துக்கிட்டு நிக்கும். மூடினா திரும்ப இந்தப் பக்கம்."

"ஒரே பஸ், ரெண்டு ரூட்டு," என்றார் கிளிஃபர்ட்.

"அதேதான். இங்க ஒருத்தர் கை காட்டிட்டே நின்னா, அந்த ரூட்டுக்காரங்க பூரா மழையில நனைய வேண்டியதுதான்." டேரன் டீயை ஒரு வாய் குடித்தான். "இந்த வால்வு கொஞ்சம் இறுகி இருக்கு. தண்ணி ஓடலைன்னாலும் ஓடறதா நினைச்சுக்குது போல. மாத்திடறேன்."

அந்த வால்வுக்கு ஒரு கேடும் இல்லை என்பது கிளிஃபர்டுக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. டேரன் தரையில் மண்டியிட்டு வேலை செய்தான், வேலை செய்துகொண்டே தன் மாமியாரைப் பற்றிக் குறைப்பட்டான், கிளிஃபர்ட் இஞ்சிக் கேக்கை வெட்டி வைத்தார், அவன் மூன்று துண்டு தின்றான். மதியம் தாண்டியது. இவ்வளவு நேரம் இந்தச் சமையலறையில் ஒருவர் இருந்து எத்தனை நாளாயிற்று. "இன்னொரு கோப்பை டீ, கண்ணு?" என்று அவர் கேட்டபோது டேரன் பெட்டியை மூடிவிட்டான். "ஏற்கனவே உங்க டீல மிதக்கறேன். இனிமே தொந்தரவு இருக்காது பெரியவரே. புதுசு."

ஆனால் தொந்தரவு போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போன கெவினின் போனில் மறு வாரமே மணி அடித்தது. வால்வு புதியது. அப்பாவோ குழாய் மூடியிருக்கிறது என்று சத்தியம் செய்கிறார். அப்படியானால் பொய் சொல்வது இந்த மணிதான் என்ற முடிவுக்கு அவன் வந்தான். யாராக இருந்தாலும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள். சுடுதண்ணீர் எச்சரிக்கையை அணைத்துவிட்டான். அதைப் போய் அப்பாவிடம் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் குளிர் இறுகியது. நடைபாதையெல்லாம் கண்ணாடி மாதிரி பனி உறைந்து கிடந்தது. சந்தைக்குள் இருக்கும் டீக்கடைக்குக்கூட கிளிஃபர்டால் போக முடியவில்லை. வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும், இடுப்பு போனால் இல்லத்துக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை கெவினும் கூப்பிடவில்லை, அலுவலக வேலையாக வெளியூரில் இருந்தான். வானொலி பேசிக்கொண்டிருந்தது. அதற்கு இவர் பதில் சொன்னால் அது நிறுத்திக் கேட்காது.

வியாழக்கிழமை காலையில் மாடிக்குப் போனார். குளியல் தொட்டியின் அடைப்பை எடுத்துவிட்டுச் சுடுதண்ணீரைத் திறந்தார். கீழே பாய்லரின் குரல் மாறியது. இறங்கி வந்து, கோட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு, கூடத்தில் போனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

போன் அடிக்கவில்லை.

கூட்டத்தில் இருப்பான், கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று நினைத்தார். ரேடியேட்டர் ஆறியது. கருங்கல் சுவர் வீடு, வெளியே உறைபனி. சூடு வருவது நின்றால் அந்த மாதிரி வீடு எவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சாப்பாட்டு வேளைக்குக் கூப்பிடுவான் என்று நினைத்தார். எழுந்து ரொட்டி சுட்டுக்கொள்ளலாம், ஆனால் அந்த நேரம் பார்த்து அடித்தால்? முதலில் கை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. நடுக்கம் நின்றதும் அவருக்குச் சுகமாகக்கூட இருந்தது. அதுதான் ஆபத்தான கட்டம் என்று அவருக்குத் தெரியாது. குழாயை மூடவேண்டும் என்று ஒருதரம் நினைத்தார். மாடிப்படி எங்கேயோ தூரத்தில் இருந்தது.

அதே மதியம் பிரிஸ்டலில் கெவின் சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே போனைப் பார்த்தான். கீத்லியில் கடும் குளிர் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். வீட்டின் படம் வந்தது. நடுவில் ஆரஞ்சுத் தீ எரிந்துகொண்டிருந்தது. அப்பா சூடாக இருக்கிறார் என்று திருப்தியோடு போனைச் சட்டைப்பையில் போட்டான். அந்தத் தீ முழுவதும் மாடியில் சாக்கடையைச் சுடவைத்துக்கொண்டிருந்தது என்று அவனுக்கு யார் சொல்வது?

அடுத்த வீட்டு பிரெண்டாவுக்கு அன்று ஆத்திரம் தாங்கவில்லை. வெகு நாளைக்குப் பிறகு வெயில் அடிக்கிறதே என்று கொல்லையில் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தாள். கிளிஃபர்ட் வீட்டுப் புதிய பாய்லரின் புகைப்போக்கி அவள் கொல்லையைப் பார்த்துத்தான் நீட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வெள்ளை ஆவி காலையிலிருந்து விடாமல் வந்து விரிப்பின்மேல் படிந்து உறைந்து, விரிப்பு பலகை மாதிரி விறைத்துவிட்டது. அந்தப் பாய்லரை மாட்டிய போன வசந்தத்திலிருந்தே அவளுக்கு இதில் ஒரு மனத்தாங்கல். அதற்கப்புறம் அவரோடு சரியாகப் பேசுவதும் இல்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று போய்ப் பின்கதவைத் தட்டினாள்.

"கிளிஃபர்ட், என்ன, ஊருக்கே வெந்நீர் போடறீங்களா? இல்ல யானை எதாவது வாங்கிக் குளிப்பாட்டறீங்களா?"

மாடியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. கதவைத் தள்ளினாள். பகலில் அந்தத் தெருவில் யாரும் பின்கதவைப் பூட்டுவதில்லை. உள்ளே கால் வைத்ததும் பிரெண்டா நின்றுவிட்டாள். வெளியில் இருந்த குளிர் அப்படியே உள்ளேயும் இருந்தது.

கூடத்தில் கிளிஃபர்ட் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவளைப் பார்த்தார். "உள்ள நகருங்க, கண்ணு," என்றார் குழறலாக. "பின்னாடி இடம் இருக்கு."

அவள் வாயில் வைத்திருந்த திட்டெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். மாடிக்கு ஓடினாள். குளியலறை முழுக்க ஆவி, கண் தெரியவில்லை. துழாவிப் பிடித்துக் குழாயை மூடினாள். கீழே பாய்லர் ஒரு கணம் நின்று, 'க்ளக்' என்று வேறு பக்கம் திரும்பி, மறுபடி எரியத் தொடங்கியது. கட்டில்மேல் கிடந்த போர்வைகளை வாரிக்கொண்டு வந்து அவரைச் சுற்றினாள். தன் உடம்போடு அவரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்கள் அங்கேயே வெகு நேரம் வைத்திருந்து பதமாகச் சூடேற்றினார்கள். பேச்சு தெளிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டதற்கு அவர் மாட்டவே மாட்டேன் என்றார். யாராவது கூட இருந்தால் சரி என்றார்கள். "நான் இருக்கேன்," என்றாள் பிரெண்டா. போகும்போது ஆம்புலன்ஸ்காரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு நீங்க வந்திருந்தா, நாங்க வந்து பிரயோசனம் இருந்திருக்காது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிரெண்டா சூப்பைச் சுடவைத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார்.

"குழாயத் திறந்துபோட்டுட்டு இங்க உக்காந்து என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

கிளிஃபர்ட் கிண்ணத்தையே பார்த்தார். "தண்ணி ரொம்ப நேரம் ஓடுச்சுன்னா பையன் கூப்பிடுவான்," என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்தாள். அவரிடம் எண்ணைக் கேட்டுக் கெவினைக் கூப்பிட்டாள்.

"கெவின், பக்கத்து வீட்டு பிரெண்டா. உங்கப்பா குளிர்ல விறைச்சுப் போய்க் கிடந்தாரு. இப்ப பரவால்ல. நீ கிளம்பி வா."

"குளிர்லயா? இல்லையே, பாய்லர் காலையிலேருந்து எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு. நான் மத்தியானம்கூடப் பாத்தேனே."

"பாய்லரைப் பாத்தே. பாய்லருக்கு ஒரு கேடும் இல்ல," என்றாள் பிரெண்டா. நடந்ததைச் சொன்னாள். "லைன்ல இருக்கியா?" என்று கேட்டாள். "கிளம்பிட்டேன்," என்றான் அவன்.

இருட்டிய பிறகு வந்து சேர்ந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பா முன்னால் தரையில் உட்கார்ந்தான். ஐம்பது வயது தாண்டியவன், முன்வழுக்கை விழுந்தவன், சின்னப் பிள்ளை மாதிரி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். பயம் முதலில் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"உங்களுக்கு என்ன பைத்தியமாப்பா? செத்துப் போயிருப்பீங்க. ஒரு போன் பண்ணியிருந்தா ஆகாதா? எடுத்திருக்க மாட்டேனா?"

"எடுத்திருப்பே."

"அப்புறம்?"

"எடுத்து, என்னப்பா விஷயம்னு கேட்டிருப்பே." கிளிஃபர்ட் மகனுடைய தோளில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார். "எனக்குத்தான் விஷயம் ஒண்ணும் இல்லையேடா."

கெவின் தலையைக் குனிந்துகொண்டான். அவர் அவன் தலைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியே அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது.

கெவின் சமையலறைக்கு வந்தபோது பிரெண்டா சூப்புக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "நல்லவேளை நீங்க வந்து பாத்தீங்க," என்றான்.

"என்னைப் புகழாதே. நான் உங்கப்பாவைப் பாக்க வரல, சண்டை போட வந்தேன்," என்றாள் அவள். "ஒரு சுவருக்கு இந்தப் பக்கம்தான் இருக்கேன். அவரு தும்மினா எனக்குக் கேக்கும். பத்து மாசமா என் துணியப் பத்தித்தான் எனக்குக் கவலை, அந்தப் புகைக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கறது எனக்கு ஞாபகமே இல்ல."

கெவின் பாய்லர் முன்னால் நின்றான். அது இப்போது அடங்கிய குரலில், ரேடியேட்டர்களுக்காக, ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

"வீட்டச் சூடா வெச்சிருந்தா அப்பாவப் பாத்துக்கிட்ட மாதிரின்னு நெனச்சேன் பிரெண்டா," என்றான். "வீடு சூடா இருக்கான்னு போன்ல பாக்கலாம். அப்பா எப்படி இருக்காருன்னு பக்கத்துல வந்து பேசினாத்தான் தெரியும். வயசானவங்களக் கூப்பிட ஒரு காரணம் வரட்டும்னு நாம காத்துக்கிட்டே இருந்தா, பாவம், அவங்களே ஒரு காரணத்த உண்டாக்க வேண்டியதாயிடுது. காரணமே இல்லாம கூப்பிடணும். காரணமே இல்லாம வந்து கதவத் தட்டணும். அதுதான் அவங்களப் பாத்துக்கறது."

பிரெண்டா துடைத்த கிண்ணத்தை மறுபடியும் துடைத்தாள். "அதை எனக்கும் சேத்துத்தான் சொல்றே," என்றாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. விழித்துவிட்டார் போலிருக்கிறது. "அங்க ரெண்டு பேரும் என்ன பேசிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மாதான்," என்று சொல்லிக்கொண்டே, ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இருவரும் அவர் இருந்த அறைக்குள் போனார்கள்.